நண்பகலில் எடுத்த அந்தி

ஏப்ரல் 19
நீரேற்று நிலையக் குடியிருப்பு

சம்பந்தியம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

ஒன்பது முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பத்தாவது முறை என் மருமகளின் போனிலிருந்து செய்தேன். மகள் என்று நினைத்து எடுத்தீர்கள். என் குரல் வந்ததும் "ஹலோ, ஹலோ, ஒண்ணும் கேக்கலையே" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு நீங்கள் மூச்சு விட்டது வரைக்கும் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரரை ஏரிக்கரையில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தீர்களே, அதை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? நீங்கள் வீட்டிலிருந்து ஏரிக்குப் புறப்பட்டதுதான் எங்களுக்குத் தெரியும், எப்போது பஸ் ஏறினீர்கள் என்று தெரியாது.

எதற்குக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, நீங்கள் இங்கே வந்திருந்த அதே நாள், சாயங்காலம் மேல்தொட்டி நிரம்பி வழிந்து கீழே மோட்டார் கிடங்கு முழுகிப்போனது. அவர் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் பம்ப் அறையிலேயே இருந்ததாகவும், வால்வு இறுகிக்கொண்டு திரும்பவே இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். பெரிய பொறியாளரும் பாதி நம்பிவிட்டார். பழைய வால்வுதானே, இருக்கும் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. கருநீலமாக வானம், மழைக்கு முன்னால் இருக்கிற மாதிரி மேகம், சீருடையில் அவர், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். அதன் கீழே: பிப்ரவரி 9, மாலை 6.30, இயற்கை வெளிச்சம், முதல் பரிசு.

ஏரிக்கரையிலிருந்து பம்ப் அறைக்கு அரை மணி நேர நடை. திங்கட்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது. "அது மத்தியானம் எடுத்தது சார்" என்று இவர் சொன்னாராம். பொறியாளர் பத்திரிகையை மேசையில் போட்டு, "வானத்தைப் பாருய்யா. எடுத்த அம்மாவே ஆறரைன்னு எழுதியிருக்காங்க. இதுவா மத்தியானம்?" என்று கேட்டாராம்.

ஜூன் மூன்றாம் தேதி விசாரணை. மணியை எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி

*

ஏப்ரல் 26
ஸ்டுடியோ

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குப் பல் முளைத்திருப்பதாக மகள் சொன்னாள், சந்தோஷம். சம்பந்தி ஐயாவுக்கு இப்படி ஆனது கேட்டு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கு போன் நிஜமாகவே சரியில்லை.

மணி என்று கேட்டிருக்கிறீர்கள். படம் எடுக்கிறவள் வெளிச்சத்தைப் பார்ப்பாளே தவிர கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். அன்றைக்கு வந்தேன், மகளைப் பார்த்தேன், ஐயாவைப் பார்க்க ஏரிப்பக்கம் போனேன், கரையில் நிற்க வைத்து நாலைந்து படம் எடுத்தேன், பஸ் ஏறினேன். போட்டிக்கு அனுப்பும்போது படிவத்தில் ஏதேதோ கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எது எதற்குக் கட்டம் என்று புரியாமல், தோன்றியதை நிரப்பியிருப்பேன்.

படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். கண்காட்சியில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். ஒரு பெரியவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்று, "இந்த மனுஷன் முகத்துல எத்தனை சோகம்" என்றார். நாற்பது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவளிடம் யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா? "காது தெரியணும், கண்ணாடியைக் கழட்டுங்க", இதுதான் நான் பேசிய பேச்சு. இப்போது என் பெயர் அச்சில் வந்திருக்கிறது. நீங்களும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

விசாரணையில் உண்மை ஜெயிக்கும். கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

மே 2
நீரேற்று நிலையக் குடியிருப்பு

சம்பந்தியம்மாவுக்கு,

மணி பார்க்க ஐந்தாம் வகுப்பு போதும். எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பல் முளைத்தது இருக்கிறது, பஸ் ஏறியது இருக்கிறது, கண்காட்சிக்கு வந்த பெரியவர் இருக்கிறார். நான் கேட்ட மணியை மட்டும் காணோம். உண்மை ஜெயிக்கும் என்று எழுதினீர்களே, அது தானாக நடந்து வந்து ஜெயிக்குமா? யாராவது வாயைத் திறக்க வேண்டாமா?

ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையைப் பார்த்ததும் நானே நம்பிவிட்டேன். பொறியாளரை அல்ல, வானத்தை. தொட்டி வழிந்த அன்றைக்குப் பேன்டெல்லாம் சேறாக எட்டு மணிக்கு வந்தார். வால்வைத் திருப்பும்போது ஆன சேறு என்றார். ஏரிக்கரையிலும் சேறு உண்டு. "நிஜமா எங்கே போனீங்க, யார் கூட இருந்தீங்க?" என்று கேட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் கேட்காத கேள்வி. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "மத்தியானம் நின்னேன்டி. சாப்பிடக்கூட இல்லை. சாப்பாட்டு அடுக்கு விளக்குக் கம்பியில தொங்கிக்கிட்டிருந்துச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "பட்டப்பகல்ல விளக்கு, அந்த விளக்குல சாப்பாடு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் பேரன் ஒருவன்தான் சத்தமாகப் பேசுகிறான். அவனுக்கும் வார்த்தை வரவில்லை.

உங்கள் மகள் என் முகத்தையும் பார்ப்பதில்லை, உங்களுக்குப் போனும் செய்வதில்லை. மாமியாருக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் இப்படி மாட்டிக்கொண்டவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பொய் சொல்கிறவர் என் வீட்டுக்காரரா, நீங்களா? ஒரு வரி போதும்.

சம்பந்தி

*

மே 9
ஸ்டுடியோ

சம்பந்தியம்மா,

மத்தியானம்தான். பன்னிரண்டே முக்கால். பொய் சொன்னது நான்.

இந்த வரியை எழுத ஐந்து தாள் கிழித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, உலக்கை போட்டு இடிக்கிறது.

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். உச்சி வெயிலில் படம் எடுத்தால் வானம் வெளுத்து, கண் சுருங்கி, மூக்குக்குக் கீழே நிழல் மீசை மாதிரி விழும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கேமராவின் கண்ணைச் சுருக்கி, முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டினால், நாம் கூலிங்கிளாஸ் போடுவது போல, வெயில் முழுக்க மங்கிவிடும். வானம் இருண்டுபோகும், நிற்கிற ஆளும் இருண்டுபோவார். பிறகு ஆளுக்கு மட்டும் வெளிச்சம் கொடுக்க வேண்டும். ஃப்ளாஷைக் கேமரா மேலேயே வைத்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அதனால் அதைக் கழற்றி, தள்ளி ஒரு கம்பி ஸ்டாண்டில் பக்கவாட்டில் நிறுத்தி, வெள்ளைக் குடைக்குள்ளிருந்து அடிக்க வேண்டும். அதன் மேல் ஆரஞ்சுத் தாள் ஒட்டிவிட்டு, "இது குண்டு பல்பு வெளிச்சம்" என்று கேமராவிடம் சொல்லிவிட்டால், அது முகத்தைச் சரியாகக் காட்டி வானத்தை நீலமாக்கிவிடும். பன்னிரண்டே முக்கால் ஆறரை ஆகிவிடும். இதை நானே செய்து செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை.

கரையில் காற்று அடித்துக் குடை சாய்ந்தது. கனத்துக்கு ஏதாவது கட்ட வேண்டும் என்றேன். சம்பந்தி ஐயா சிரித்துக்கொண்டே சாப்பாட்டு அடுக்கைக் கொடுத்தார். "என் வீட்டுக்காரி கட்டிக் கொடுத்தது. காத்தென்ன, புயலே வந்தாலும் அசையாது" என்றார்.

போட்டியின் விதி, இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படம் மட்டும் என்பது. படிவம் எனக்கு நன்றாகவே புரிந்தது. என்ன வெளிச்சம் என்ற கட்டத்தில் இயற்கை என்று எழுதினேன். எழுதிய பிறகு நேரத்துக்கான கட்டம் வந்தது. மத்தியானம் என்று போட்டால் அந்த வானத்தை எவன் நம்புவான்? ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. ஆறரை என்று எழுதினேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். தொட்டி வழிந்த கதை எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்குத்தான் சாக்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். இது நம் இருவரோடு இருக்கட்டும். வால்வு கெட்டதற்கு வேறு சாட்சி கிடைக்குமா என்று பாருங்கள். வக்கீல் வைக்கலாம். பரிசை வாங்கிவிட்டு ஏமாற்றுக்காரி என்று பத்திரிகையில் வந்தால் இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? எதிர்க்கடைத் தையல்காரர் அந்தப் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். தினமும் காலையில் எனக்கு வணக்கம் வைக்கிறார்.

சம்பந்தி

*

மே 13
நீரேற்று நிலையக் குடியிருப்பு

உங்கள் கடிதம் வந்தது. தையல்காரரின் வணக்கத்துக்கு என் வீட்டுக்காரரின் முப்பத்தாறு வருஷ வேலை போகட்டும் என்கிறீர்கள். சரி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போகப் புறப்பட்டேன். அவர்தான் வாசலில் மறித்து வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார். "சம்பந்தி வீட்டுக் காகிதம்னு தூக்கிப் போடுவாங்க. கையெழுத்து போட்ட போட்டிப் படிவத்தை ஆபீசுல வாங்கி வச்சிருக்காங்க. அந்தம்மா தானா வந்து சொன்னாத்தான் உண்டு. வரச் சொல்லி நீ கெஞ்சாதே" என்றார்.

நான் கெஞ்சவில்லை.

உங்கள் மேல் வந்த கோபத்தில் பாதி எனக்கே திரும்பிவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்காவது ஒரு பரிசு கிடைத்தது. நான் அவரை நம்பாமல் இருந்ததற்கு எனக்கு என்ன கிடைத்தது? சாப்பாட்டு அடுக்கு தொங்கியது என்று பொய் சொல்ல எந்த மனிதனுக்காவது தோன்றுமா? உண்மையாக இருந்ததால்தானே அவ்வளவு கோணலாக இருந்தது. அது கூட எனக்குப் புரியவில்லை.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வண்டி பார்க்கப் போய்விட்டார்.

*

மே 24
ஸ்டுடியோ

சம்பந்தியம்மா,

பதினொரு நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் அல்ல.

மகள் வந்திருந்தாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "அம்மா, நீ வர வேண்டாம். நான் ஒண்ணும் சொல்ல வரலை. ஆனா அந்த வீட்டுல என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை. மாமா எனக்குத் தட்டு எடுத்து வைக்கிறார். அதைத்தான் தாங்க முடியலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். நாலு மணி நேரம் வந்து நாலு நிமிஷம் நின்றாள்.

அன்றைக்கே பரிசுக் குழுவுக்கு எழுதினேன். இயற்கை வெளிச்சம் அல்ல, ஃப்ளாஷ் வைத்தேன், மணியும் பொய், பரிசைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. தபாலில் போட்டுவிட்டு வந்து, மறுபடி தபால் பெட்டிக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. நல்ல வேளை, பெட்டி செய்தவன் என்னைப் போல ஆட்களை நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

தையல்காரரிடமும் போய்ச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப படத்தைக் கழட்டிடட்டுமாக்கா?" என்றார். கழற்றச் சொன்னேன். கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கடையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

விசாரணைக்கு வருகிறேன். வெளிச்சம் பார்க்க முதலில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஃப்ளாஷ் இல்லாமல், மாற்றம் ஒன்றும் இல்லாமல். வெளுத்த வானம், காலடியில் தட்டு மாதிரி நிழல், ஓரத்தில் குடையும் கம்பியும், கம்பியில் உங்கள் அடுக்கு. கேமராவில் மணியும் பதிந்திருக்கிறது. இதை அன்றைக்கே நான் காட்டியிருக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன்.

என்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். நேராக அலுவலகத்துக்கு வருகிறேன், நேராகத் திரும்பிவிடுகிறேன்.

சம்பந்தி

*

மே 29
நீரேற்று நிலையக் குடியிருப்பு

பதினோரு மணிக்கு விசாரணை. பஸ் நிலையத்திலிருந்து இரண்டாவது தெரு, பச்சைக் கேட்.

நான் வரவில்லை. உங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அல்ல. "நானும் வரட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன். "எதுக்கு, அங்கே கேக்குறதுக்கு ஆள் இருக்காங்க" என்றார். குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

*

ஜூன் 4
ஸ்டுடியோ

சம்பந்தியம்மாவுக்கு,

அவர் சொல்லியிருப்பார். இல்லை, அவர் அதிகம் சொல்லமாட்டார். நானே எழுதுகிறேன்.

முதல் படத்தைக் காட்டினேன். பொறியாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கேமராவுல மணியை யார் வேணா மாத்தலாமேம்மா. இது வேற நாள் எடுத்ததா இருக்கலாம். நீங்க உறவு வேற" என்றார். பொய் சொன்னபோது ஒரு படிவத்தை உடனே நம்பினார்கள். உண்மை சொல்ல வந்தால் ஆயிரம் கேள்வி. அது நியாயம்தான்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. ஸ்டாண்டு, குடை எல்லாம் பையோடு கொண்டு போயிருந்தேன். "சார், அஞ்சு நிமிஷம் முற்றத்துக்கு வாங்க. உங்களையே எடுக்கறேன்" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் எழுந்திருக்கும்போதே சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

முற்றத்தில் கண் கூசுகிற வெயில். காற்றும் இருந்தது. கனத்துக்குக் கட்ட ஒன்றும் இல்லை. நான் கேட்கவே இல்லை, சம்பந்தி ஐயா வந்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சுத் தாளை இரண்டு முறை கீழே போட்டேன்.

எடுத்துவிட்டுக் கேமராவைப் பொறியாளர் கையில் கொடுத்தேன். திரையைப் பார்த்தார், தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "என்னம்மா, எனக்கே ராத்திரி ஷிப்ட் போட்டுட்டீங்க" என்றார். எழுத்தர் சிரித்துவிட்டார். பிறகு பொறியாளர் சிரிக்காமல் கேட்டார்.

"அப்ப ஆறரைன்னு ஏன் எழுதினீங்க?"

"பரிசுக்காகப் பொய் எழுதினேன் சார்."

எழுத்தர் அதை அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டேன். நாற்பது வருஷம் அடுத்தவர் முகத்துக்கு வெளிச்சம் பிடித்தவள், என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வரைக்கும் அவர்தான் பையைத் தூக்கி வந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். "அன்னைக்கு என்னைச் சாப்பிட விட்டுட்டு எடுத்திருக்கலாம் சம்பந்தியம்மா. பசியில நின்னேன். அதைத்தான் ஊரெல்லாம் சோகம்னு சொல்லுது" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பஸ் கிளம்பியது.

நான் செய்ததைச் செய்யாததாக்க முடியாது என்று தெரியும். தீர்ப்பு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

சம்பந்தி

*

ஜூன் 27
நீரேற்று நிலையக் குடியிருப்பு

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. வால்வைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே திருகின் மரை தேய்ந்து போயிருந்ததாம். அவர் மேல் தவறில்லை என்று எழுதி, பழைய இடத்திலேயே போட்டுவிட்டார்கள். போன திங்கட்கிழமை வேலைக்குப் போனார். உங்கள் மகள் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தாள். இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். உங்களுக்கும் போன் செய்வாள்.

நீங்கள் எனக்கு இனி மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று பொய் என்று சொன்னீர்கள். அதைச் செய்ய ஒரு நெஞ்சு வேண்டும். அவரை நம்பாததை நான் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது?

அவர் என்னோடு பேசுகிறார். முன்னைப் போலவே பேசுகிறார். பேரனைப் பற்றி, மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றி, எல்லாம். ஒன்றே ஒன்றுதான் புதிது. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் ஏன் தாமதம், எங்கே நின்றீர்கள் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இப்போது நான் கேட்காமலேயே சொல்கிறார். "ஆறு பத்துக்குப் புறப்பட்டேன். கேட்காரர் பார்த்தார். வழியில தண்ணி லாரி நின்னுச்சு, டிரைவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினேன்." யார் யார் பார்த்தார்கள் என்று பெயரோடு சொல்கிறார். கோபமாகச் சொன்னால் நானும் கோபப்படுவேன். என்னவோ எனக்கு உதவி செய்கிற மாதிரிச் சொல்கிறார்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு, நான் கேட்டேனா?" என்று நேற்று சொல்ல நினைத்தேன். ஒருமுறை கேட்டவள்தானே. தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வாருங்கள். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். வந்தால் பஸ் நிலையத்திலிருந்தே திரும்பிவிடக் கூடாது, வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருந்தால், எனக்கும் கொஞ்சம் துணையாக இருக்கும்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது. அவர்தான். கதவைத் திறப்பதற்கு முன்பே மணி சொல்லத் தொடங்கிவிட்டார்.

உங்கள் சம்பந்தி